சிங்கத்துக்குப் பக்கத்துல தாய்மாமன்

வா கண்ணு, இப்பிடித் திண்ணையில குந்து. அந்தப் பொட்டிய மடியிலயே வச்சிக்க. ஆடு வந்து மோந்து பாக்கும், பயப்படாத. நேத்து உங்க அப்பன் எங்கிருந்தோ கொண்டாந்து போட்ட பழைய பேனர ஒரு கடி கடிச்சிப் பாத்துட்டுத் துப்பிடிச்சி. அதுக்கு ருசி தெரியும்.

என்னா, கண்ணு ரெண்டும் கோவப்பழமாட்டம் செவந்து கெடக்குது? ராவெல்லாம் முழிச்சியா? பகல் முச்சூடும் முதுநகர்ல கடை வேல. ஆலப்பாக்கத்துல பஸ்ச உட்டு எறங்கி ஊட்டுக்கு வந்தா மறுபடியும் இந்தப் பொட்டியோட வேல. உங்க ஆயா என்னமோ புள்ள பரீட்சைக்குப் படிக்குதுன்னு நெனச்சி ரெண்டு தடவ காப்பி போட்டுக் குடுத்துட்டா. காதுகுத்துக்குப் பேனரா? காட்டு, காட்டு. இந்தக் கெழவனும் ஒரு கண்காட்சி பாக்கட்டும்.

ஆகா! இரு, கண்ணாடியத் தொடச்சிப் போட்டுக்கறன். ஆகாகா! சிங்கம் ஒண்ணு நிக்குது. பின்னால தீ எரியுது. சிங்கத்துக்குப் பக்கத்துல கோட்டு சூட்டு மாட்டிக்கிட்டு, கருப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு ஒரு வெள்ளக்காரரு நிக்கறாரு. யாரு கண்ணு அது? புனித டேவிட் கோட்டையில இருந்து எறங்கி வந்தவரா?

என்னாது, தாய்மாமனா? நம்ப மேலத்தெரு தாய்மாமனா? நாய் கொலச்சாலே வேலிக்கு அந்தாண்ட போயி நிக்கற ஆளாச்சே! சிங்கத்தோட எப்பிடி சிநேகிதம் ஆச்சி? நல்ல வேள, சிங்கம் படத்துல இருக்குது. இருந்தாலும் அது மொகத்தப் பாரு, அதுக்கும் இந்த எடத்துல நிக்கப் புடிக்கலன்னு தெரியுது.

சரி, காது குத்திக்கப் போற புள்ள எங்க? கீழயா? பலூனுக்கு அடியிலயா? ஆமாமாம், தெரியுது, தெரியுது. விழா யாருக்கோ அவங்களத் தேடிக் கண்டுபுடிக்கறாப்ல வச்சாத்தான் பேனரு முன்னால ஜனம் நின்னு பாக்கும். நல்ல தந்திரம்தான். ஆனா ஒண்ணு கேக்கறன், கோவிச்சிக்காத. புள்ளைக்கு எடது காதக் காணமே?

சிரிக்காத. நீயே பாரு. வெட்டி எடுக்கறப்ப மந்திரக்கோலால ஒரே தட்டு தட்டியிருக்க. பின்னால இருந்த செவுத்துக் கலரும் புள்ள காதுக் கலரும் ஒண்ணா இருந்துது, செவுத்தோட சேத்துக் காதும் போயிடிச்சி. பேனா மாதிரி ஒரு கருவி இருக்குது, புள்ளி புள்ளியா வச்சி ஓரத்தக் கட்டிக்கிட்டுப் போவணும், கால் மணி நேரம் ஆவும்னு நீதான போன பொங்கலுக்கு எனக்குச் சொன்ன? கால் மணி நேரம் யாருகிட்ட இருக்குது? சிங்கத்துப் பிடறிக்கு ஒண்ணரை மணி நேரம் ஆயிருக்கும். காதுகுத்து பேனருல காது இல்லாத புள்ள. ஆசாரி வந்து பேனரப் பாத்தாருன்னா கூலியில பாதியக் கொறச்சிக்குவாரு, அவ்வளவுதான், நமக்கு லாபம்.

எனக்கு இந்த எலிய நவுத்தத் தெரியாது கண்ணு. ஆனா செவுத்துல எழுதத் தெரியும். எளந்தாரியா இருக்கறப்ப தேர்தல் வந்தாத்தான் எங்கூட்டுல ஒல கொதிக்கும். காத்தால செவுத்துக்குச் சுண்ணாம்பு ஒரு பூச்சி. காஞ்சதும் நூல நீலத்துல தோச்சி இந்தக் கோடிய ஒருத்தன், அந்தக் கோடிய ஒருத்தன் புடிச்சிக்கிட்டு நடுவுல ஒரு சுண்டு சுண்டுனா நேர்க்கோடு உழும். வஜ்ஜிரத்தக் காச்சி கலர்ப் பொடியில கலக்குவம், அந்த நாத்தத்துல நாயும் கிட்ட வராது. அதுக்கு மேலதான் வித்த. பிரசத் தொடறதுக்கு முன்னால எழுத்த எண்ணணும். செவுரு எத்தன முழம், எழுத்து எத்தன, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவுல எத்தன வெரக்கடை. எண்ணாம எழுதுனியோ, ‘வாக்களி’ன்னு பெருசா வந்துடும், ‘ப்பீர்’ மட்டும் திரும்பி மூத்திரச் சந்துக்குள்ள போயிடும். அப்பிடிப் போனதுக்குக் காசு குடுக்காம தொரத்தியிருக்காங்க. அதனால சொல்றன், நான் படிக்காத மேதையில்ல. அடிபட்ட மேதை.

உங்க பொட்டியில அந்தத் தொந்தரவு இல்ல. லேயரு லேயரா வச்சிக்கலாம். தீ ஒரு லேயரு, சிங்கம் ஒரு லேயரு, மாமன் ஒரு லேயரு. புடிக்கலன்னா சிங்கத்த மட்டும் தூக்கிட்டுப் புலி வைக்கலாம். நீ ஒரு நா கதையாச் சொன்ன பாரு, நான் மறக்கல. அமெரிக்காவுல நோல்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரு. தாமசுன்னு ஒருத்தரு காலேஜில ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருந்தவரு, ஜான்னு ஒருத்தரு சினிமாவுக்குத் தந்திரக் காட்சி பண்ற எடத்துல வேல. ரெண்டு பேரும் சேந்து உருவாக்குனதுதான் போட்டோசாப்பு. 1990-ல அடோபிகாரங்க அத வெளிய உட்டாங்க. லேயரு அப்ப கெடையாது. 1994-ல மூணாம் பதிப்புலதான் வந்துது. அதுக்கு முன்னால நாலு வருஷம் அவனும் எங்கள மாதிரிதான், ஒட்டுனது ஒட்டுனதுதான், சுண்ணாம்பு அடிச்சாத்தான் மாத்த முடியும். லேயரு வந்துது, பயம் போயிடிச்சி. பயம் போனவன் கையில கலரக் குடுத்தா என்னா ஆவும்னு இந்தப் படமே சொல்லுது.

அந்தக் கதையில இன்னொண்ணு சொன்ன. ஜான் நோலு அந்த வித்தையக் காட்டறதுக்குன்னு ஊரூரா எடுத்துக்கிட்டுப் போன படம். போரா போரான்னு ஒரு தீவு. கடக்கரையில ஒரு பொண்ணு மணல்ல குந்திக்கிட்டு இருக்குது. அவரு கட்டிக்கப் போற பொண்ணு. ஒலகத்துலயே மொத மொதல்ல போட்டோசாப்புல ஏறுன படத்துல அதுவும் ஒண்ணுங்கற. நம்ப தேவனாம்பட்டினத்துல வெள்ளிக் கடக்கரையில சாயங்காலமாக் குந்தியிருக்கறாப்லதான் இருந்துது. ஆனா அதுல மொகமே கெடையாதே கண்ணு! முதுகு காட்டிக்கிட்டுக் கடலப் பாத்துக்கிட்டு இருக்குது. படத்துல பெரும்பாலும் தண்ணியும் வானமும்தான். இம்மாம் பெரிய வித்தையக் கண்டுபுடிச்சவனுக்கு, பொண்ணத் திருப்பி ஒக்கார வைக்கத் தெரியல பாரு, பாவம். பக்கத்துல ஒரு சிங்கத்த வைக்கவும் தோணல.

நம்மாளுங்களுக்குத் தோணும். நீ ஒரு அங்குலம் கூட வெறுமனே உடாத. இதோ, மாமன் தோளுக்கும் தீக்கும் நடுவுல ரவ எடம் இருக்குது பாரு, அங்க ஒரு ஹெலிகாப்டரு வையி. மேல வலது மூலையில வெறும் வானமா கெடக்குது, ஒரு கழுகு பறக்கட்டும். எழுத்துக்கு மஞ்சள் போட்டியா, சுத்தி செவப்பு பார்டரு, அதுக்கு வெளிய வெள்ள பார்டரு, அதுக்கும் வெளிய பொக மாதிரி நெழலு. பத்தாது கண்ணு. எழுத்துக்கு உள்ளயும் தீ எரியணும். ரோட்டுல பைக்குல போறவன் நாலு வினாடி பாப்பான். அந்த நாலு வினாடியில அவனுக்கு ஒண்ணுமே புரியக் கூடாது. அப்பத்தான் திரும்பி வந்து படிப்பான்.

சிதம்பரத்துல நடராசரு கோயில்ல அந்தக் காலத்து ஆளுங்களுக்கு இந்த ரகசியம் தெரியாமப் போச்சி. நீ போயிருக்க, சின்னப் புள்ளையில ஆனித் திருமஞ்சனத்துக்குத் தோள்ல தூக்கிக்கிட்டுப் போனன். கூர முச்சூடும் பொன்னு. 21,600 ஓடும்பாங்க, மனுசன் ஒரு நாளைக்கு உடற மூச்சுக் கணக்கு. அத அடிச்ச ஆணி 72,000-ம்பாங்க, ஒடம்புல ஓடற நாடிக் கணக்கு. அம்மாம் செலவு பண்ணியிருக்கான். கோபுரத்துல நூத்தியெட்டு கரணம், ஆடற பொண்ணுங்க ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா ஒரு கட்டம். ஒருத்தி தல இன்னொருத்தி முதுகுக்குப் பின்னால மறையல. எல்லாம் இருக்குது. அப்பறம் நடராசருக்குப் பக்கத்துல ஒரு தெரைய வெலக்குறாங்க, ரகசியம்னு. எட்டிப் பாத்தா உள்ள ஒண்ணுமே இல்ல. பொன்னால பண்ண வில்வ எலைச் சரம் தொங்குது, அவ்வளவுதான். மத்ததெல்லாம் வெட்டவெளி. அதுதான் சாமி, ஆகாயம்ங்கறான். அந்த எடத்துக்கு நீ அப்ப டிசைனரா இருந்திருந்தன்னா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்! நாலு ரோசாப்பூ, ரெண்டு புறா, ‘வருக வருக’ன்னு ஒரு வரி.

சிரிக்கற. சிரி. ஆனா அந்த வெட்டவெளியப் பாக்கறதுக்குத்தான் எத்தன ஊருலருந்து வந்து வரிசையில நிக்கறாங்க. நம்ப பேனர நிமிந்து பாக்கற ஒரே ஜீவன் லைன்மேன்தான், ஒயருல இடிக்குதான்னு.

கீழ என்னா அது, கருப்புப் பட்டையில சின்னச் சின்னதா? எறும்பு ஏறிடிச்சா? ஓ, தலைங்களா! ‘இவண்’ணு போட்டிருக்க. ஒண்ணு, ரெண்டு, மூணு… முப்பத்தெட்டுத் தல. எல்லாம் பாஸ்போட்டு அளவுல, வட்டமா வெட்டி, வெள்ளக் கோடு சுத்தி. இவங்கதான் கையெழுத்துப் போடறவங்களா? நல்லா இருக்குது. மாமனுக்குச் சம்மதம்னு முப்பத்தெட்டு சாட்சி. பத்தரத்துக்கே ரெண்டு சாட்சி போதும் கண்ணு.

இதுல பாதிப் பேருக்கு இந்தக் காதுகுத்து நடக்கறதே தெரியாது, அது எனக்குத் தெரியும். ஒருத்தன் துபாயில இருக்கான். ஒருத்தன் நெய்வேலியில இருக்கான், மாமனோட பேச்சு வார்த்தையே கெடையாது, வரப்புத் தகராறு. அவன் போட்டோவ எங்கருந்து எடுத்த? அவன் தங்கச்சி கல்யாண ஆல்பத்துலருந்தா? அதான் பக்கத்துல ஒரு கை மட்டும் தோள்மேல தொங்குது. யாரு கையோ, பாவம், ஒடம்பத் தேடிக்கிட்டு இருக்குது.

கையெழுத்துன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. அதே சிதம்பரம் கோயில்ல வடக்குக் கோபுரம். கிருஷ்ணதேவராயரு 1516-ல ஒரிசாப் பக்கம் சண்டையில ஜெயிச்சிட்டு வந்து கட்டி வச்சது. ராஜாவுக்கு அங்க ஒரு மாடம், அதுல அவரு செல, கும்புட்டுக்கிட்டு நிக்கறாரு. காசு போட்டவரு, நியாயம்தான். ஆனா கோபுரத்துக்கு உள்பக்கச் செவுத்துல, தேடுனாத்தான் தெரியும், இன்னும் நாலு பேரு சின்ன உருவமா இருக்காங்க. கட்டுன சிற்பிங்க. பேரும் வெட்டியிருக்குது. சேவகப்பெருமாளுன்னு ஒருத்தரு, விருத்தகிரிக்காரரு, நம்ப விருத்தாசலம்தான், பஸ்சுல போனா ரெண்டு மணி நேரம். அவரு புள்ள விசுவமுத்து. இன்னும் ரெண்டு பேரு. பக்கத்துல அளவுகோலு.

யோசிச்சிப் பாரு. வானத்த முட்டறாப்ல ஏழு நெலைக் கோபுரம் கட்டுனவன், அவனுக்கு வாச்ச ஆள் பலத்துக்கு அவன் மொகத்த நாப்பது அடிக்குச் செதுக்கியிருக்கலாம். கேக்கறதுக்கு எவன் மேல ஏறி வரப் போறான்? ஆனா உள்பக்கமா, வந்தவன் நின்னு பாத்தாத் தெரியறாப்ல, பேரு ஊரு, கையில கோலு. ஐநூறு வருஷமா அந்தக் கையெழுத்து அழியல. சிங்கம் ஒண்ணும் கேக்கல அவனுக்கு.

நீ உன் கையெழுத்த எங்க போட்டிருக்க? ‘டிசைன்’னு போட்டு ஒரு நெட்சத்திரம், நெருப்பு, ரெக்க, போன் நம்பரு. மூலையில, ஆனா காதுகுத்துற புள்ளையவிடப் பெருசா. போடு கண்ணு, தப்பில்ல. நாளைக்கு எடது காது எங்கன்னு கேக்கறவனுக்குப் பேசறதுக்கு நம்பரு வேணுமில்ல.

அட, மொகத்தத் தொங்கப் போட்டுக்காத. தண்ணி குடி. மூணாவதா ஒருத்தரப் பத்திச் சொல்றன், இவரு நமக்கு இன்னும் கிட்ட. சிதம்பரத்துக்குப் பக்கத்துல மருதூருல 1823-ல பொறந்தவரு, வடலூரு வள்ளலாரு. அவரு காலத்துலதான் போட்டோ புடிக்கற பொட்டி இந்தப் பக்கம் வந்துது. சென்னையிலருந்து மாசிலாமணி முதலியாருன்னு பேரு போன படக்காரரு வந்து, சாமிய ஒக்கார வச்சி ஒரு தடவ இல்ல, பல தடவ எடுத்தாராம். ஒவ்வொரு தடவையும் கண்ணாடியில வேட்டி வந்துதாம், மேல போத்தியிருந்த துணி வந்துதாம், மொகம் மட்டும் வரலியாம். அப்பிடித்தான் எங்க தாத்தன் எனக்குச் சொன்னாரு. இன்னொரு கதையும் உண்டு. பண்ருட்டிக் கொயவரு ஒருத்தரு ஆசையா அவரு உருவத்த மண்ணுல பண்ணிக் கொண்டாந்து குடுத்தாராம். பொன்னான ஒடம்பு மண்ணா ஆயிடிச்சேன்னு சொல்லிட்டுக் கீழ போட்டு ஒடச்சிட்டாராம். இப்ப நாம வச்சிக் கும்புடற படமெல்லாம் பெறகால வரஞ்சதுதான்.

மொகமே வேணான்னு இருந்தவரு என்னா விட்டுட்டுப் போனாரு? ஒரு அடுப்பு. 1867-ல வடலூர்ல தருமசாலையில மூட்டுனது, இன்னிக்கும் அணையல, போனா சோறு போடறான். நான் எத்தன தடவ தின்னுருக்கன்! அங்க எவன் மொகத்தையும் பாத்துக்கிட்டுத் தின்ன வேண்டியதில்ல, எலையப் பாத்துத் தின்னாப் போதும். வள்ளலாரு படத்துல துணி வந்துது, மொகம் வரல. நம்ப மாமன் படத்துல மொகம் வந்திருக்குது, துணி மட்டும் அவருது இல்ல. ரெண்டுல எது பெரிய அதிசயம்னு நீதான் சொல்லணும்.

ஆமா, அந்தக் கோட்டு யாருது? கழுத்துல ஒரு கோடு தெரியுது பாரு. மேல கருப்பு, கீழ வெள்ள. ஓ, மொகத்துக்கும் வெள்ள அடிச்சிட்டியா? கேட்டுக்க. உன் பொட்டியில தெரியற கலரு வெளிச்சத்துல பண்ணது. செவப்பு, பச்ச, நீலம் மூணு வெளக்கு. முதுநகர்ல உங்க மிசினு மையில பண்ணும். நீலம், ரோசா, மஞ்சள், கருப்பு. வெளக்குல மின்னற பச்ச மைக்கு மாறுனா வெந்த கீரை. வெளக்குல பால் மாதிரி இருக்கற மொகம் துணியில எறங்கறப்ப அவிச்ச சக்கரவள்ளிக் கெழங்கு. போன மாசம் நம்ப பால் சொசைட்டிக்காரருக்கு அப்பிடித்தான் ஆச்சி. அவரு பொண்டாட்டியே அடையாளம் தெரியாம, யாருங்க இந்தப் பெரிய மனுசன்னு கேட்டிருக்கு. ரெண்டு நாளா அவரு ஊட்டுல சோறு திங்கல. மனுசன் அவன் கலர்ல இருந்தாத்தான் கண்ணு கடன் குடுத்தவன் கூடக் கண்டுபுடிக்க முடியும்.

மாமன் போட்டோவ வாட்சப்புல வாங்குனியா? வாட்சப்பு அத நசுக்கித்தான அனுப்பும்? அந்தக் கட்டைவெரல் நெகத்தளவுப் படத்தப் பத்தடிக்கு இழுத்தா மூக்கு கட்டங்கட்டமா வராம என்னா வரும்? டாக்குமெண்டா அனுப்பச் சொன்னா முழுசா வரும்னு உன் தங்கச்சிக்கே தெரியுது. கேக்கறதுக்கு மாமன்கிட்ட பயம். சிங்கத்துக்குப் பக்கத்துல நிக்கறவரு ஆச்சே.

இன்னொண்ணு. சிங்கத்துக்கு எடப்பக்கத்துலருந்து வெயிலு அடிக்குது, மாமனுக்கு வலப்பக்கம் மூஞ்சி வெளிச்சமா இருக்குது. நம்ப ஊருல எப்ப ரெண்டு சூரியன் வந்துது? சொல்லியிருந்தா நெல்ல ரெண்டு பக்கமும் காய வச்சிருப்பன்.

எழுத்தப் படிக்கறன், இரு. ‘காதணி விலா.’

விலாவா? அடப்பாவி, காதுல குத்தறதா விலாவுல குத்தறதா? ‘ழ’ போடுடா. அது அழகாவும் இருக்கும். உன் கஷ்டம் புரியுது. பழைய போட்டோசாப்புல நம்ப தமிழ நேரா ஒட்டுனா கொம்பு ஒரு பக்கம் போவும், எழுத்து ஒரு பக்கம் போவும். ‘பொ’ன்னு அடிச்சா கொம்பும் காலும் பங்காளிச் சண்டையில பிரிஞ்சாப்ல தனித்தனியா நிக்கும். அதுக்காகப் பழைய பாமினி எழுத்துல மாத்திப் போடறீங்க. அந்த எழுத்து இல்லாத பொட்டியில தெறந்தா அம்மா அப்பா எல்லாம் வெள்ளக்காரன் எழுத்தாயிடுது. புது போட்டோசாப்புல இந்திய மொழிக்குன்னு ஒண்ணு மாத்தி வச்சா கொம்பு ஒழுங்கா ஒக்காந்துக்குதுன்னு நீயே சொன்ன. கொம்பு அங்க போனது மிசினு குத்தம். விலா ஆனது யாரு குத்தம்? புதுமைப்பித்தன் நம்ப திருப்பாதிரிப்புலியூர்ல பொறந்தவருப்பா, 1906-ல. பத்து மைல்ல இருந்துக்கிட்டு இத அவரு கண்ணுல காட்டியிருந்தா, உன்ன வச்சே ஒரு கத எழுதியிருப்பாரு. அந்தப் பேரு உன் போன் நம்பரவிட அதிக நாளைக்கு நிக்கும்.

இத எங்க கட்டப் போறீங்க? ரோட்டு வளைவுலயா, ரெண்டு பக்கமும் சவுக்குக் கம்பு நட்டு?

இதுல மட்டும் கிண்டல் இல்ல, காதக் குடு. 2019 செப்டம்பர்ல சென்னையில பள்ளிக்கரணையில கல்யாணத்துக்கு வச்ச பேனரு ஸ்கூட்டர்ல போன பொண்ணு மேல உழுந்துது. பின்னால வந்த தண்ணி லாரி ஏறிடிச்சி. இருவத்திமூணு வயசு. வாழ்த்துச் சொல்ல வச்ச துணி அது. கட்டுனவன் வேணும்னு பண்ணல, உங்க மாமனும் வேணும்னு பண்ண மாட்டாரு. காத்துக்கு அது தெரியாது. அனுமதி வாங்கி, அனுமதி நம்பரக் கீழ ஓரமாப் போட்டு, மண்டபத்துக்கு உள்ள செவுத்துல கட்டச் சொல்லு. அந்த முப்பத்தெட்டுத் தலையத் தூக்குனா நம்பருக்கு எடம் தாராளமா கெடைக்கும். வளைவுல கட்டறதா இருந்தா அந்தப் பொட்டிய மூடிட்டு என்கூட நாத்து நட வா. மாமன்கிட்ட நான் பேசிக்கறன், எனக்குச் சிங்கத்துக்கிட்ட பயமில்ல.

அதுக்கு ரெண்டு வருஷம் முன்னால, 2017 அக்டோபர்ல, மெட்ராஸ் ஐகோர்ட்டுல ஒரு உத்தரவு போட்டாங்க பாரு. உசுரோட இருக்கறவங்க படத்தப் பேனருல போடக் கூடாதுன்னு. அப்ப டீக்கடையில எங்க செட்டுக் கெழவனுங்கல்லாம் ரொம்ப சந்தோசப்பட்டம். இத்தன வருஷமா எளவட்டப் பயலுங்களே எல்லாக் கம்பத்துலயும் சிரிச்சிக்கிட்டு நிக்கறாங்க, இனிமே நம்ப காலம்டான்னு. நானும் ஒரு பாஸ்போட்டு போட்டோ எடுத்து வச்சன்.

அதான் உன்னக் கூப்புட்டு ஒக்கார வச்சன், மெதுவாச் சொல்லலாம்னு. அந்தக் காரியம் வரும் கண்ணு. இன்னிக்கு இல்லன்னாலும் வரும். அன்னிக்கு உங்க அப்பன் அழுதுக்கிட்டு இருப்பான், எல்லாரும் உன்னத்தான் பேனரு போடச் சொல்லுவாங்க, ராவுலதான் போடுவ, அவசரத்துல மந்திரக்கோலால தட்டுவ. என் காதுல ஏற்கனவே கேக்கறது கொறவு, இருக்கறதையும் வெட்டிடாத. மேகத்துக்கு மேல என்ன நிக்க வைக்காத, எனக்கு ஒசரத்துல தல சுத்தும். செவுத்துல எழுதறப்பவே ஏணியில ரெண்டாம் படிக்கு மேல ஏறுனதில்ல. புறா வேணாம், நம்ப கூரைய நாறடிச்சது போதும். மூஞ்சிக்கு வெள்ள அடிச்சன்னு வையி, எமன் ஆள் மாறிடிச்சின்னு திருப்பி அனுப்பிடுவான், அப்பறம் உங்க பாடு. ‘கண்ணீர்’க்கு மூணு சுழி. ரெண்டு போட்டா நான் எழுந்து வந்து திருத்துவன். ஊருல எல்லாப் பேனருலயும் அழுகைய விடப் பெருசா இவண் இருக்குது. என்னுதுல இவண் வேணாம். யாரு வச்சதுன்னு ஜனத்துக்குத் தெரியாமயா போவும்? நம்ப தெருவுல வேற எந்தக் கெழவன் இப்பிடிப் பேசுனான்? சுத்தி எடம் உடு. நெறைய உடு. சும்மா வெறும் வெள்ளையா கெடக்கட்டும்.

என்னாத்துக்குக் கண்ணத் தொடைக்கற? தூசியா?

அளவு எழுதிக்க. எட்டுக்கு ஆறு. எட்டு நீளம், ஆறு ஒசரம், நாலு மூலையிலயும் நடுவுலயும் வளையம் அடிச்சி வாங்கு, கயிறு கட்டறாப்ல. எதுக்கு எட்டுக்கு ஆறுன்னு கேக்கறியா? 2011-ல தானே புயல் அடிச்சதே, டிசம்பர் முப்பது. அன்னிக்கிப் போன கூரைக்கு எவனோ ஒருத்தன் பொறந்த நாள் பேனரத்தான் மூணு மாசம் போத்திக்கிட்டுக் கெடந்தம், உள்ள படுத்தா மேலருந்து அவன் கையெடுத்துக் கும்புட்டுக்கிட்டே இருப்பான். மழ ஒரு சொட்டு எறங்கல. அந்தத் துணி மக்காது, கொளுத்துனா பொக நெஞ்சுக்கு ஆவாது. ஆனா ஒழுவாது. ஆட்டுக்கொட்டாயில கெழக்கால ஒழுவுது. நேத்து உங்க அப்பன் கொண்டாந்தது நாலடி கொறையுது, அதான் ஆடு கோவத்துல கடிச்சிது. நான் அளந்துட்டன், எட்டுக்கு ஆறு சரியா இருக்கும். பதினாறு நாள் முடிஞ்சதும் எறக்கிக் கட்டிடு. மூஞ்சி உள்பக்கம் இருக்கறாப்ல கட்டு. ஆட்டுக்கு என்னத் தெரியும்.